போர்க் கைதிகள் செய்த பழங்காலக் கைவினைப் பொருள்கள்: அசலை அறிய, வாங்க, காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேசை இழுப்பறையில் ஒரு பாசிமணிப் பாம்பு சுருண்டு கிடக்கிறது. நீட்டிப் பிடித்தால் ஒன்றேகால் மீட்டர் வரும். கறுப்பு முதுகு, அதில் மஞ்சள் கட்டங்கள், வெள்ளை வயிறு. வயிற்றில் நீல மணிகளால் ஆங்கிலத்தில் ‘டர்கிஷ் பிரிசனர்ஸ் 1917’ என்று பின்னியிருக்கும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் முகாமில் அடைபட்டிருந்த துருக்கிச் சிப்பாய் செய்தது என்று நம்பி, இணைய ஏலத்தில் பாதி மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கினேன். மூன்றாம் மாதம் வால் நுனியில் இரண்டு மணி உதிர்ந்தது. உள்ளே தெரிந்த நூலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் முறுக்கே இல்லை. ஒற்றை இழை, கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. உதிர்ந்த துணுக்கில் தீக்குச்சியைக் காட்டினேன். எரியவில்லை, உருகிக் குண்டாகிவிட்டது. நைலான். அது உலகுக்கு அறிமுகமானதே 1938இல்தான்.

அன்றிலிருந்து இந்த வகைப் பொருள் எது கையில் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அடைபட்டுக் கிடந்த அந்த ஆளுக்கு இது கைக்குக் கிடைத்திருக்குமா? எலும்பா, வைக்கோலா, நூலா, ஆணியா, எதுவானாலும் முகாமின் வேலிக்குள் அது எந்த வழியாக வந்தது என்று சொல்ல முடிய வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவை.

படி 1: எந்தப் போர், எந்த முகாம்?

விற்பவர் ‘கைதி வேலைப்பாடு’ என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தப் போர் என்று கேளுங்கள். சந்தையில் வருபவற்றில் பெரும்பகுதி மூன்று குடும்பங்களுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, விலையிலும் பெயரிலும் பெரியது, நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் கைதிகளின் வேலை. பிரிட்டனும் பிரான்சும் 1793 முதல் 1815 வரை, நடுவில் ஓராண்டு சொச்சம் ஓய்ந்து, மோதிக்கொண்டே இருந்தன. பழைய வழக்கப்படி இரு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொள்ளும். 1803க்குப் பிறகு அந்தப் பரிமாற்றம் ஏறக்குறைய நின்றே போனது. அந்த ஆண்டில் பிடிபட்ட மாலுமி ஒருவர் 1814 வரை பதினொரு ஆண்டுகள் உள்ளேயே இருந்திருக்கலாம். இந்தப் பொருள்களின் நுணுக்கத்துக்குத் திறமை பாதிக் காரணம் என்றால், கையில் கிடந்த காலம் மீதிப் பாதி.

அவர்களை வைக்க இடமில்லாமல் பிரிட்டன் திணறியது. பாய்மரம் பிடுங்கப்பட்ட பழைய போர்க்கப்பல்களைப் போர்ட்ஸ்மவுத், பிளிமவுத், சாத்தம் துறைகளில் நிறுத்திச் சிறையாக்கியது. போர்ட்செஸ்டர் கோட்டையை நிரப்பியது. டார்ட்மூரில் கல் சிறை கட்டி 1809இல் திறந்தது. டார்ட்மூருக்கு முன்பே, பீட்டர்பரோ நகருக்கு அருகே நார்மன் கிராஸ் என்ற இடத்தில் போர்க் கைதிகளுக்கென்றே மரக் கொட்டகைகளால் ஒரு முகாம் எழுப்பியது. 1797இல் முதல் கைதிகள் வந்தார்கள்; 1814இல் கடைசிக் கைதிகள் வெளியேறினார்கள்; 1816இல் கொட்டகைகளைப் பிரித்து விற்றுவிட்டார்கள். ஒரே சமயத்தில் ஐயாயிரம், ஆறாயிரம் பேர் அங்கே இருந்திருக்கிறார்கள். அங்கேயே மாண்டுபோன 1,770 பேருக்கு 1914இல் வைத்த நினைவுத்தூண் சாலையோரம் நிற்கிறது. உச்சியில் இருந்த வெண்கலக் கழுகை 1990இல் திருடிக்கொண்டு போனார்கள். 2005இல் புதுக் கழுகு ஏறியது. பழம்பொருள் மோகம் எதுவரை போகும் என்பதற்கு இதையும் கணக்கில் வையுங்கள்.

முகாம் வாசலில் சந்தை கூடும். சுற்றுவட்டார மக்கள் காய்கறி, புகையிலை, துணி விற்பார்கள். கைதிகள் தாங்கள் செய்ததை விற்பார்கள். எதை வேண்டுமானாலும் விற்க முடியாது. தொப்பிக்கான வைக்கோல் பின்னல் உள்ளூர் ஏழைக் குடும்பங்களின் பிழைப்பு என்பதால் கைதிகள் அதைச் செய்யத் தடை வந்தது. போர்ட்செஸ்டரில் கைதிகள் பின்னிய லேஸ் உள்ளூர் லேஸுக்குப் போட்டியாகி, அதுவும் நிறுத்தப்பட்டது. தடை வந்ததும் கடத்தல் வந்தது. காவல் சிப்பாய்களே வைக்கோலை உள்ளே கொண்டுபோய்ப் பின்னலை வெளியே கொண்டுவந்தார்கள். கள்ள நோட்டு அடித்தவர்களும், ஆபாசப் பொம்மை செதுக்கி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. இன்று நம் கைக்கு வருவது பெட்டி, கப்பல், விளையாட்டுச் சாமானாக இருப்பதற்கு இந்தத் தடைகள் முக்கியமான காரணம். ‘நார்மன் கிராஸ் கைதி பின்னிய தொப்பி’ என்று யாராவது நீட்டினால் கொஞ்சம் யோசியுங்கள்.

இரண்டாவது குடும்பம் போயர் கைதிகளுடையது. போயர்கள் என்றால் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினர். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போரில் பிடிபட்ட போயர்களைப் பிரிட்டன் கடல் கடத்தியது: செயின்ட் ஹெலினா, பெர்முடா, இலங்கை, இந்தியா. இலங்கையில் ஊவா மலைப்பகுதியின் தியத்தலாவை முகாம் 1900 ஆகஸ்டில் நிரம்பத் தொடங்கியது. ஐயாயிரம் பேர் வரை இலங்கைக்கு வந்தார்கள். நம் பக்கத்தில் திருச்சிராப்பள்ளியிலும் நீலகிரியின் கேத்தியிலும் போயர் கைதிகள் இருந்திருக்கிறார்கள். ஆகவே இந்த வகைப் பொருள் நம் ஊர்ப் பழைய வீடுகளில் கிடைப்பது நடக்காத காரியமல்ல. போர் முடிந்தும் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த எங்கல்பிரெக்ட் என்ற போயர் இலங்கையிலேயே தங்கி, யால வனத்தின் காவலரானார் என்பது ஒரு கிளைக்கதை.

மூன்றாவது, முதல் உலகப் போரின் துருக்கிக் கைதிகள். எகிப்து, சைப்ரஸ் முகாம்களிலும், மெசபடோமியாவில் பிடிபட்டவர்கள் இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்தார்கள். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியும், பர்மாவின் தயெட்மியோவும் அந்தப் பட்டியலில் உண்டு. பாசிமணி வேலை இவர்களுடைய கைப்பாங்கு.

இவை தவிர உதிரி வகைகளும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஓஹையோவின் ஜான்சன் தீவில் அடைபட்ட தென்மாநில அதிகாரிகள், கடின ரப்பர் பொத்தான்களை அறுத்து, சிப்பி பதித்து மோதிரம் செய்தார்கள். முதல் உலகப் போரில் மான் தீவின் நாக்கலோ முகாமில் இருந்த ஜெர்மானியர்கள் மாட்டெலும்பில் பூச்சாடி செதுக்கினார்கள். அவர்கள் சிப்பாய்களும் அல்ல, பிரிட்டனில் வாழ்ந்துவந்த பொதுமக்கள். தோட்டா உறையில் அடித்த பித்தளை வேலையை எல்லாம் ‘கைதி வேலை’ என்று விற்பது பொதுவான பொய். அதில் பெரும்பகுதி போர்முனைச் சிப்பாய்களும் ஊர்க் கொல்லர்களும் செய்தது. கைதியின் கைக்குத் தோட்டா உறை எப்படி வந்தது என்று கேட்டாலே பாதி ஆட்கள் தடுமாறுவார்கள்.

படி 2: பொருளைப் பாருங்கள்: எலும்பா, தந்தமா, பிளாஸ்டிக்கா?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகை வேலை செய்பவர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸே போதும். சின்ன டார்ச்சும் வேண்டும்.

பிரெஞ்சுக் கைதிகளின் மூலப்பொருள் சமையலறையிலிருந்து வந்தது. ரேஷனில் வந்த மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியின் எலும்பைக் கொதிக்கவைத்துக் கொழுப்பை நீக்கி, வெளுக்கவைத்து, பட்டையாக அறுத்தார்கள். எலும்புக்குள் ரத்தக் குழாய்கள் ஓடிய நுண்துளைகள் இருக்கும். குறுக்கே வெட்டிய முகத்தில் அவை ஊசி குத்திய புள்ளிகளாகவும், நீளவாக்கில் வெட்டிய முகத்தில் குட்டிக் குட்டிக் கறுப்புக் கோடுகளாகவும் தெரியும். இருநூறு ஆண்டு அழுக்கு அந்தத் துளைக்குள் போயிருப்பதால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. யானைத் தந்தத்தில் இந்தப் புள்ளிகள் இருக்காது. அதன் குறுக்கு வெட்டில் இரண்டு திசையில் ஓடும் வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டி, வலைப்பின்னல் போல நிற்கும். செல்லுலாய்டு முதலான பழைய பிளாஸ்டிக்குகளில் தந்தம் மாதிரி கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடுகள் அளவெடுத்த மாதிரி இணையாக ஓடுவதே காட்டிக்கொடுத்துவிடும்.

அளவையும் பாருங்கள். மாட்டுக் கால் எலும்பின் சுவர் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது, அதுவும் வளைந்தது. அதிலிருந்து தட்டையாக எடுக்கக்கூடியது ஒடுங்கலான, குட்டையான பட்டைதான். ஆகவே அசல் பெட்டியின் மூடியோ கப்பலின் பக்கமோ சின்னத் துண்டுகளை மரத்தின் மேல் சேர்த்துக் கட்டியதாக இருக்கும். உள்ளங்கை அகலத்தில் ஒட்டே இல்லாத ‘எலும்புப்’ பலகை கண்டால் அது வேறு ஏதோ.

சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பொருளில் ஓட்டை விழும். பழைய செல்லுலாய்டாக இருந்தால் தீப்பிடிக்கும். (நான் தீக்குச்சி காட்டியது ஏற்கெனவே உதிர்ந்த நூல் துணுக்கில்.) வேண்டுமானால் ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டறையில் அடியுங்கள். எலும்பும் தந்தமும் நீலம் கலந்த வெண்மையில் ஒளிரும். பிளாஸ்டிக் பெரும்பாலும் மங்கிக் கிடக்கும். நூலுக்கும் உள்தாளுக்கும் இந்த விளக்கு இன்னும் உதவும். பளீரென்று நீலமாக ஒளிரும் வெள்ளை நூலில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே. இதிலும் ஒரு சிக்கல்: யாராவது அசல் பொருளை இந்தக் காலத்துச் சோப்புத்தூளில் அலசியிருந்தால் பழைய நூலும் அப்படியே ஒளிரும். விளக்கு ஒரு சாட்சி, தீர்ப்பு அல்ல.

படி 3: எப்படிச் செய்தார் என்று பின்னால் போய்ப் பாருங்கள்

எலும்புக் கப்பலை எடுத்துக்கொள்வோம். உள்ளே செதுக்கிய மரக் கூடு. அதன் மேல் எலும்புப் பட்டைகளைப் பலகை போல வரிசையாக அடுக்கி, முடி அளவுப் பித்தளைக் கம்பியை ஆணியாக இறக்கி, தலையை அராவிச் சமமாக்கியிருப்பார்கள். பித்தளை கறுத்தோ, சுற்றியுள்ள எலும்பில் பச்சை கசிந்தோ இருக்கும். எல்லா ஆணித் தலையும் மஞ்சளாக மின்னுகிறதென்றால் கேள்வி கேளுங்கள். பாய்மரக் கயிறுகளுக்குப் பட்டு நூல், குதிரை மயிர், மனித முடி எல்லாம் பயன்பட்டிருக்கின்றன. கயிறு இருநூறு ஆண்டு தாங்காது. பின்னாளில் யாராவது புதிதாகக் கட்டியிருப்பது சகஜம், அதை மோசடி என்று சொல்ல மாட்டேன். எது பழையது, எது பழுது பார்த்தது என்று விற்பவர் சொல்லிவிட்டால் போதும்.

பெரிய மாடல்களில் ஒரு தந்திரம் உண்டு. கப்பலின் பின்புறம் தொங்கும் நூலை இழுத்தால் அத்தனை பீரங்கிகளும் துளைக்குள் பின்வாங்கும்; விட்டால் உள்ளே இருக்கும் சுருள் கம்பி தள்ளி மறுபடி மூக்கை நீட்டும். இருட்டான கொட்டகையில் ஒருவர் இதை உட்கார்ந்து கட்டினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கை நடுங்கும். கப்பலின் அளவு விகிதம் மட்டும் பெரும்பாலும் சரியாக இருக்காது. வரைபடம் கையில் இல்லை. கண்ணும் நினைவும்தான் அளவுகோல். பாய்மரம் கொஞ்சம் உயரமாக, முகப்புச் சிலை கொஞ்சம் பெரிதாக நிற்கும். கப்பலின் வடிவம் பிரெஞ்சாகவும் பெயரும் கொடியும் ஆங்கிலமாகவும் இருப்பதைக் கண்டு சந்தேகப்படாதீர்கள். வாங்குபவர் ஆங்கிலேயர், அவருக்குப் பிடித்த பெயரைத்தானே எழுதுவார்கள்.

கப்பல் வாங்க நம்மில் பெரும்பாலோருக்கு வசதி இருக்காது. சந்தையில் அதிகம் புழங்குவது புள்ளிக் காய்களை வைத்து ஆடும் டோமினோப் பெட்டி. இழுப்பு மூடி, சில சமயம் மூடியிலேயே ஆணி செருகிப் புள்ளி எண்ணும் துளை வரிசை, உள்ளே இருபத்தெட்டு மெல்லிய எலும்புக் காய்கள். காய்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். கையால் அராவியதால் கனம் ஒன்றுக்கொன்று மயிரிழை மாறும். புள்ளிகளைத் துளைத்து மை ஏற்றியிருப்பார்கள். ஆறு புள்ளிக் காயில் ஒன்றாவது வரிசை தப்பியிருக்கும். இருபத்தெட்டும் ஒரே கனம், புள்ளிகள் ஒரே ஆழம் என்றால் எந்திரம் செய்த வேலை. மின்சாரக் குடைகருவி சுழன்ற இடத்தில் உருண்டை வளைவுத் தடம் விழும். கத்தியும் அரமும் விட்ட தடம் நேராக, அங்கங்கே திசை மாறி இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நூற்கும் பெண் பொம்மை. விரல் நீள எலும்புப் பெண்மணி, எதிரே ராட்டை, பின்னால் ஒரு கைப்பிடி. சுற்றினால் சக்கரம் உருளும், பெண்ணின் கை ஏறி இறங்கும். கில்லட்டின் மாடல்களும் உண்டு: தட்டு விழும், எலும்பு மனிதனின் தலை கழன்று கூடையில் உருளும். பிரெஞ்சுப் புரட்சியை நேரில் கண்டவர்களின் விளையாட்டுப் பொருள். இத்தனை கைகள் எங்கிருந்து வந்தன என்றால், கைதிகளில் பலர் தொழில்முறைச் சிப்பாய்கள் அல்ல. கட்டாய ஆள்சேர்ப்பில் படைக்கும் கடற்படைக்கும் இழுத்து வரப்பட்ட தச்சர்களும் கடிகாரம் செய்பவர்களும்தாம். பிரான்சின் தியெப் துறைமுகம் தலைமுறை தலைமுறையாகத் தந்தம் செதுக்கிய ஊர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 4: வைக்கோல் பெட்டிக்கு மூடியைத் திறந்து பாருங்கள்

கோதுமைத் தாளை நீளவாக்கில் கீறி, நனைத்து, தட்டையாகத் தேய்த்து, சாயமேற்றி, மரப் பெட்டியின் மேல் துண்டு துண்டாக ஒட்டிய வேலை இது. தேயிலைப் பெட்டி, ஊசிக்கூடு, கண்ணாடிச் சட்டம், கப்பல் படம், தேவாலயப் படம். ஆறேழு நிறத் துணுக்குகள் சேர்ந்து ஒரு வீடாகிவிடும்.

வெளிப்பக்கம் இன்று பழுப்பும் தேன் நிறமுமாக மட்டுமே தெரியும். சாயம் வெளிச்சத்தில் போய்விட்டது. மூடியைத் திறந்தால் உள்பக்கம் சிவப்பும் பச்சையும் நீலமும் நேற்று ஒட்டியது போல இருக்கும். இந்த வேறுபாடுதான் நான் முதலில் தேடுவது. உள்ளும் புறமும் ஒரே நிறத்தில் இருந்தால், ஒன்று அது வெளிச்சமே படாத பெட்டி, அல்லது அண்மையில் செய்தது. விளிம்புகளில் துணுக்கு பெயர்ந்து மரம் தெரிவது இயல்பு. பெயர்ந்த இடமே இல்லாத வைக்கோல் பெட்டியை நான் இதுவரை கையில் எடுத்ததில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வைக்கோல் ஒட்டு வேலை கைதிகளின் கண்டுபிடிப்பல்ல. ஐரோப்பாவில் அதற்கு முன்பே கடைகளில் செய்து விற்றிருக்கிறார்கள். ஆவணம் இல்லாத பெட்டிக்கு ‘கைதி பாணி’ என்று போட்டு விற்பவர் நேர்மையானவர். ‘நார்மன் கிராஸ், உறுதி’ என்பவரிடம் காகிதம் கேளுங்கள்.

படி 5: பாசிமணிப் பாம்பு

இதில் நான் கைச்சூடு பட்டவன் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

செய்முறை தெரிந்தால் போலி எளிதில் பிடிபடும். வடிவத்துக்கு ஏற்ற வரிசையில் ஆயிரக்கணக்கான மணிகளை முதலில் நூலில் கோத்துவிடுவார்கள். பிறகு கொக்கி ஊசியால், ஒரு தையலுக்கு ஒரு மணி என்று வட்டமாகப் பின்னிக்கொண்டே போவார்கள். ஐம்பதாவது மணி தவறினால் கட்டம் கோணும்; அவிழ்க்க வேண்டும். இப்படிப் பின்னிய குழாயில் மணிகள் சற்றுச் சாய்ந்து, சுருள் ஏணி போல ஏறும். மணிகள் செங்கல் அடுக்கியது போல நிமிர்ந்து நின்றால் அது வேறு வகைப் பின்னல். பெல்ட், பணப்பை, கழுத்து மாலையில் தறி போட்டு நெய்த வேலையும் இருக்கும். பாம்புக்குக் கொக்கி ஊசிப் பின்னல்தான் வழக்கம்.

தலையைப் பாருங்கள். உடலைவிட அகலம், சில பாம்புகளின் வாயில் ஒரு பல்லி. வயிற்றில் ஆங்கில எழுத்து, 1915க்கும் 1919க்கும் இடையில் ஓர் ஆண்டு. எழுத்துகள் தலைகீழாகவோ கண்ணாடிப் பிம்பமாகவோ திரும்பியிருந்தால் கலங்காதீர்கள். ஆங்கிலம் தெரியாத ஒருவர், சிப்பாய்களுக்கு விற்க, யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்துக் கோத்தது. பிழையில்லாத அழகிய எழுத்தைக் கண்டால்தான் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது. என் போலியில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

நூல் பருத்தியாக, முறுக்கேறியதாக, உள்ளே அழுக்கோடு இருக்க வேண்டும். உதிர்ந்த இடம் இருந்தால் அங்கே பாருங்கள். இல்லாவிட்டால் வாலைச் சற்று வளைத்து மணிகளுக்கு இடையே டார்ச் அடித்தால் தெரியும். மணிகளும் கொஞ்சம் ஏறுக்குமாறாக இருக்கும். இன்றைய எந்திர மணிகள் ஒரே அச்சு.

படி 6: எழுத்து வெட்டு, பெயர், தேதி

போயர் பொருள்களில் இதுவே உயிர்நிலை. கைத்தடி, புகைக்குழாய், காகிதம் வெட்டும் கத்தி, படச் சட்டம், கொம்பிலும் எலும்பிலும் செதுக்கிய புரூச், பழைய நாணயத்தை அறுத்துச் செய்த பதக்கம் என்று வரும். முகாமின் பெயர், ஆண்டு, சில நேரம் டச்சு மொழியில் ‘கிரைக்ஸ்கெஃபாங்னெ’, அதாவது போர்க் கைதி என்ற சொல். 1900, 1901, 1902 தவிர வேறு ஆண்டு இருந்தால் காரணம் கேளுங்கள்.

சாதாரணப் பழைய கைத்தடியில் ‘தியத்தலாவை 1901’ என்று இன்று வெட்டினால் விலை பல மடங்கு ஏறும். அதனால் லென்ஸை எழுத்தின் பள்ளத்தில் வையுங்கள். கை எண்ணெயும் அழுக்கும் மெழுகும் மேல்பரப்பில் படிந்திருப்பதுபோலவே பள்ளத்துக்குள்ளும் படிந்திருக்க வேண்டும். எழுத்தின் விளிம்பு வருடினால் மழுங்கியிருக்கும். மேலே கரும்பழுப்பு, பள்ளத்தில் மட்டும் வெளிர் மரம் என்றால் வெட்டு புதுசு. பள்ளத்தில் ஒரே சீராகக் கறுப்புச் சாயம் பூசியிருந்தாலும் அப்படியே.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் பீட்டர்பரோ அருங்காட்சியகத்தின் நார்மன் கிராஸ் தொகுப்பு, கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம், அமெரிக்காவின் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரி அருங்காட்சியகம், போயர் வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டைன் போர் அருங்காட்சியகம். பலவற்றின் படங்கள் இணையத்தில் கிடைக்கும். வாங்குவதற்கு முன் நூறு அசல் படங்களையாவது பார்த்துவிடுங்கள். கண் தானாகப் பழகும்.

படி 7: சட்டமும் பணமும்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கைவேலைப் பொருளைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. திருச்சி முகாமில் செய்த புகைக்குழாய் ஒன்று உங்களிடம் இருந்தால், வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாம் என்ற கனவை இப்போதே விட்டுவிடுங்கள்.

தந்தம் இன்னும் பெரிய வம்பு. இங்கே வனவிலங்குச் சட்டம் தந்த வணிகத்தைத் தடை செய்கிறது. பிரிட்டனிலும் 2022 ஜூன் முதல், சில விலக்குகள் போக, தந்தப் பொருள் விற்கத் தடை. விவரம் தெரியாத விற்பனையாளர் எலும்பு டோமினோவுக்கு ‘ஐவரி’ என்று தலைப்புப் போட்டிருந்தால், அது அப்படியே சுங்கப் படிவத்தில் ஏறி, பொட்டலம் முடங்கிவிடும். ‘மாட்டெலும்பு’ என்று விலைச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பெட்டியில் ஆமை ஓடு பதித்திருந்தால் வாங்காதீர்கள். அதற்கும் பன்னாட்டுத் தடை உண்டு.

விலை பற்றி நான் எண் எதுவும் சொல்லப்போவதில்லை, ஏலத்துக்கு ஏலம் அது மாறும். ஆவணத்துக்கு விலை கொடுங்கள் என்பேன். ஒரு குடும்பக் கடிதம், பழைய கண்காட்சிச் சீட்டு, அடியில் ஒட்டிய மங்கிய துண்டுக் காகிதம், இவை இல்லாத அழகிய பொருளைவிட, இவை உள்ள உடைந்த பொருள் மேல்.

படி 8: நம் ஊர் வெயிலிலும் மழையிலும் காப்பது

இங்கிலாந்துக் குளிரில் செய்தது சென்னை ஐப்பசியில் படும் பாடு தனி. எலும்பு ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். மரக் கூடு இன்னொரு வேகத்தில் அசையும். இரண்டும் இழுக்கும்போது ஆணி பிடுங்கி விரிசல் விழும். ஈரப்பதம் ஒரே நிலையில் இருப்பதே முக்கியம். ஐம்பது விழுக்காட்டை ஒட்டி இருந்தால் நல்லது. கண்ணாடி மூடிய பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், கூடவே மலிவான ஈரமானி. பகலில் ஏசி, இரவில் அணைப்பு என்ற அறையைவிட ஏசியே இல்லாத உள்ளறை தேவலை.

எலும்பைத் தண்ணீரில் முக்காதீர்கள். வெளுக்கவைக்கிறேன் என்று எலுமிச்சை, வினிகர், பிளீச்சிங் பவுடர் எதையும் தொடவே தொடாதீர்கள். அமிலம் எலும்பைத் தின்னும். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். பித்தளை ஆணியைப் புளி போட்டு விளக்கும் வேலையும் வேண்டாம்.

வைக்கோல் பெட்டிக்கு வெயில் முதல் எதிரி, இராமபாணப் பூச்சி இரண்டாம் எதிரி. ஒட்டிய பசையும் உள்தாளும் அதற்கு விருந்து. பெட்டிக்குள் அந்துருண்டை போடாமல், மாதம் ஒருமுறை திறந்து மூலைகளைப் பாருங்கள். பூச்சி தெரிந்தால் மற்றப் பொருள்களிடமிருந்து தள்ளி வையுங்கள். பெயர்ந்த துணுக்கைப் பெவிகாலால் ஒட்டாதீர்கள். நாளைக்கு யாராலும் அதைக் கழற்ற முடியாது. ஒரு காகித உறையில் போட்டு, எந்த இடத்துத் துணுக்கு என்று எழுதி, பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

பாம்பைச் சுவரில் தொங்கவிட்டால் தன் எடையே நூலை அறுக்கும். அமிலமில்லாத காகிதத்தில், மடிப்பு விழாமல், பெரிய சுருளாகக் கிடத்துங்கள். துவைக்கக் கூடாது. சில பழைய கண்ணாடி மணிகள் ஈரத்தில் வியர்த்துப் பிசுபிசுக்கும். அப்படித் தெரிந்தால் உலர்ந்த இடத்துக்கு மாற்றிவிட்டுத் தொடாமல் இருங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: எப்போது, எங்கே வாங்கியது, விற்றவர் என்ன சொன்னார், நீங்கள் லென்ஸில் என்ன பார்த்தீர்கள், எது சந்தேகம். பென்சிலில் எழுதுங்கள், மை கசியும். பொருளின் மேல் ஒட்டாமல் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். என் இழுப்பறைப் பாம்பின் கழுத்திலும் ஒரு சீட்டு கட்டியிருக்கிறேன்: ‘நைலான் நூல். 1917 அல்ல. யாருக்கும் விற்காதே.’